வெள்ளையடித்த உத்திரம்

மாதா பள்ளிக்கூடம் – அத்தியாயம் 14

தோட்டத்து ஜனங்களுக்கு ஒரு பழக்கம். பெரிய இடத்திலிருந்து யாராவது வருகிறார் என்று காதில் விழுந்தால் போதும், சுண்ணாம்பு வாளியைத் தூக்கிவிடுவார்கள். துரை காலத்தில் தொழிலாளர் லயத்துச் சுவர் வெள்ளை, சாக்கடை விளிம்பு வெள்ளை, பாதையோர மரங்களுக்கு முழங்கால் வரை வெள்ளை. துரை போனார். அவருக்குப் பிறகு வந்த மானேஜர்மாரும் போனார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சுண்ணாம்பு வாளி மட்டும் எங்கேயும் போகவில்லை.

சுங்கை செனா தோட்டத்து மாதா பள்ளிக்கூடத்தின் கதையே இந்த வாளியில்தான் மாட்டிக்கொண்டு கிடக்கிறது.

பள்ளிக்கூட நிலம் மாதா கோயிலுடையது. வாத்தியார்களின் சம்பளம் அரசாங்கத்துடையது. நடுவில் அந்தக் கூரைக்கு மட்டும் கேட்பாரில்லை. நிலத்தை அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் புதுக் கட்டடம் கிடைக்கும் என்று பேச்சு வந்தபோது, “அப்புறம் கெபியில இருக்குற மாதா எங்க போவா? திருநாக் கொடிய எங்க ஏத்துறது?” என்று பள்ளி வாரியக் கூட்டத்தில் எழுந்து நின்று மறுத்தவர் தச்சர் ராயப்பன். நிலத்தைக் கொடுக்காமலே கூரையைச் சீர்செய்ய அவசர மானியம் கேட்டுப் பார்ப்போம் என்றார். கேட்டார்கள். கல்வி இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வந்தார்.

வருவதற்கு முதல் நாள் ஊரே கூடி கோத்தோங் ரோயோங் என்னும் கூட்டு வேலை. வேதக்காரர்கள், இந்துக்கள் என்று பார்க்காமல் எல்லாப் பெற்றோரும் வந்து கூட்டினார்கள், கழுவினார்கள், வெள்ளையடித்தார்கள். பெற்றோரில் ஒருத்தியான வள்ளிநாயகி ஒரு சட்டி நிறைய மீன் குழம்பு வைத்துக் கொண்டுவந்தாள். மறுநாள் அதிகாரி வந்தார், அண்ணாந்து பார்த்தார், மாலையை வாங்கிக்கொண்டார், வயிறார நாசி லெமாக் சாப்பிட்டார், போனார். மானியம் வந்த மாதிரிதான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

ராயப்பனின் மனைவி ஃபிளோராவும் அப்படித்தான் நினைத்திருந்தாள், இன்று காலை வரைக்கும்.

ஃபிளோரா அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பலகாரம் விற்கும் கண்டினை நடத்துகிறாள். மணி அடிப்பதற்கு முன்னால் அவளுடைய மருமகள் பமீலா டீச்சர் வழக்கம்போல் ஒரு வாய் தேத்தண்ணிக்கு வந்து நின்றாள். தோளில் ஏதோ அப்பியிருந்தது.

“என்னம்மா இது, மூஞ்சிக்குப் பூசுற பவுடர தோள்ல பூசிட்டு வந்திருக்க?”

“நீங்க வேற அத்தை! இது கொஞ்ச நாளா என் மேசைமேல விழுது. காலையில வந்து தொடைச்சா ரிசஸுக்குள்ள திரும்ப விழுந்துருது. பிள்ளைங்க புத்தகத்துலகூட கொட்டுது.”

ஃபிளோரா சிரித்துக்கொண்டே அதை விரலால் தட்டிவிட்டாள். விரலில் ஒட்டியதை இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

அது சுண்ணாம்பு இல்லை. மரத்தூள். ஈர மண் கலந்த மரத்தூள். லயத்து வீட்டில் இருந்த நாளில் அவளுடைய கல்யாணப் பீரோவைக் கரையான் தின்றபோது இதே தூளைத்தான் அவள் தினமும் கூட்டி அள்ளினாள். ஒருநாள் கதவைத் திறந்ததும் பீரோ அப்படியே மடிந்து உட்கார்ந்துவிட்டது. பார்ப்பதற்குக் கடைசி நாள்வரை புதுப் பீரோவாகத்தான் இருந்தது.

அவள் விரலை முந்தானையில் துடைத்தாள்.

“நீ தேத்தண்ணியக் குடி. நான் மாமாவப் பாத்துட்டு வந்துர்றேன்.”

ராயப்பன் பள்ளிக்குப் பின்புறம் மாதா சப்பரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். திருநாள் நெருங்கிவிட்டது. அதற்கு முந்திய ஒன்பது நாள் நவநாள் ஜெபம் நடக்கிறது. தச்சு வேலையில் அவர் கை பட்டால் அந்த வட்டாரத்தில் யாரும் மறுபேச்சு பேசமாட்டார்கள்.

“ஏங்க, பமீலா கிளாஸ்ல மேல என்ன இருக்கு?”

சுத்தியல் பாதியில் நின்றது.

“மேல என்ன இருக்கும்? சீலிங் இருக்கும்.”

“தூளு கொட்டுதாம்.”

ராயப்பன் சுத்தியலைக் கீழே வைத்தார். வாயில் கவ்வியிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். கட்டிய நாள் முதல் ஃபிளோராவுக்குத் தெரியும், இந்த மனிதர் பேச்சைத் தேடுகிறார் என்றால் விஷயம் பெரிசு.

“சத்தம் போடாத லா. சொல்றேன்.”

“சொல்லுங்க.”

“நடு உத்திரம் போச்சு. விரல விட்டா உள்ள போவுது. கோத்தோங் ரோயோங் அன்னைக்கு ஏணியில ஏறுனப்பதான் பாத்தேன். பிளைவுட்ட வெட்டி அடிச்சேன். மேல வெள்ளையடிச்சிட்டேன்.”

ஃபிளோராவுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது அவர் கையைப் பிடித்து உலுக்கினாள்.

“அந்த அதிகாரி பாக்க வந்ததே அதத்தானங்க!”

“அவரு பாத்திருந்தா அன்னைக்கே பூட்டுப் போட்டிருப்பாரு. பிள்ளைங்கள பஸ்ஸுல ஏத்தி டவுனுக்கு அனுப்பிருவாங்க. இருக்குறதே கைப்பிடி பிள்ளைங்க. ஒருக்கா பூட்டுன சின்னப் பள்ளிக்கூடம் திரும்பத் தொறந்து நீ பாத்திருக்கியா? காசு வரட்டும், கமுக்கமா மரத்த மாத்திருவோம்னு இருந்தேன்.”

ஓட்டையைக் காட்டிக் காசு கேட்க வேண்டிய இடத்தில் ஓட்டையை மூடிவிட்டுக் காசு கேட்டிருக்கிறார்! வேறு சமயமாக இருந்தால் ஃபிளோரா தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். இப்போது அவள் கண்முன்னால் அந்த உத்திரத்துக்கு நேர் கீழே பமீலாவின் மேசை மட்டும்தான் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் புவனேஸ்வரன் கையில் தொலைபேசியோடு வந்தார். முகத்தில் சிரிப்பா, அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு களை.

“ராயப்பண்ணே, இலாகாவுல கேட்டுட்டேன். மானியம் நமக்கு இல்ல.”

“ஏன் சார்?”

“அதிகாரி நம்மள ரொம்பப் பாராட்டியிருக்காரு. இவ்வளவு நல்ல நிலையில இருக்குற பள்ளிக்கூடத்துக்கு அவசர மானியம் எதுக்குன்னு எழுதிட்டாராம். வேற பள்ளிக்கூடத்துக்குப் போயிருச்சு.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “நாம கொஞ்சம் கூடுதலா வெள்ளையடிச்சிட்டோம் போல.”

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது. ராயப்பன் சப்பரத்தின் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். தலைமையாசிரியர் பெருமூச்சு விட்டுவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பினார்.

“சாரக் கூப்பிட்டுச் சொல்லிருங்க. இப்பவே சொல்லிருங்க,” என்றாள் ஃபிளோரா.

“சொன்னா என்னாவும்? கவர்மெண்டு ஆள ஏமாத்துனோம்னு ஆவும். நிலத்தக் குடுக்க மாட்டேன்னு நின்னவனே இந்த வேலை செஞ்சான்னு ஊரு காறித் துப்பும். பாவம், சாரோட வேலைக்கும் ஆபத்து. இன்னிக்கு ஒரு நாள் பொறு ஃபிளோரா. வீட்டுல ரெண்டு பெரிய கட்டை கெடக்கு. நான் போய் எடுத்தாந்துர்றேன். பிள்ளைங்க வீட்டுக்குப் போனதும் முட்டுக் குடுத்துருவேன். இத்தன நாளு நின்ன உத்திரம் இன்னும் அரை நாளு நிக்காதா?”

மணி அடித்தது. ஃபிளோரா கண்டினுக்குத் திரும்பினாள், ராயப்பன் பின்னாலேயே வந்தார். பிள்ளைகள் வரிசை பிடித்தார்கள். பமீலா தன் வகுப்பை அழைத்துக்கொண்டு கண்டின் பக்கமாக வந்தாள்.

“அத்தை, என்ன தூளுன்னு மாமா சொன்னாரா?”

பின்னால் ராயப்பன் நிற்பதை ஃபிளோரா திரும்பிப் பார்க்காமலே உணர்ந்தாள். முப்பது வருஷத் தாம்பத்தியம் அவள் முதுகின்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

“பழைய சுண்ணாம்பும்மா. உதிருதாம்.”

“அப்பாடா! நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்.”

பமீலா சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். பிள்ளைகள் அவள் பின்னால் போனார்கள். ராயப்பன் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு ஃபிளோராவால் ஒரு வேலையும் ஓடவில்லை. மீ கோரெங்கில் உப்பை இரண்டு தடவை போட்டாள். பமீலாவின் குரல் அந்த வகுப்பிலிருந்து கேட்கிறதா என்று நிமிடத்துக்கு ஒரு தடவை அடுப்பைக் குறைத்துவிட்டுக் காதைக் கொடுத்தாள். கேட்டது. ஏழாம் வாய்ப்பாடு. கேட்ட மாத்திரத்தில் உயிர் வரும், அடுத்த நிமிடம் போய்விடும். மாதாவே, இந்தக் காலை மட்டும் கழியட்டும், அரை நாள்தானே என்று வாய்க்குள்ளே முணுமுணுத்தாள். புருஷன் சொன்ன அதே பேச்சைத் தானும் மாதாவிடம் சொல்கிறோமே என்று நினைத்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் வெளிச்சம் குறைந்தது.

சி ரூசா பக்கம், கடல் இருக்கும் திசையில், வானம் அடுப்புக்கரி நிறத்தில் திரண்டு நின்றது. செம்பனை மட்டைகள் ஒரே பக்கமாகச் சாயத் தொடங்கின. கரையோரத்தில் இருப்பவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சுமத்ரா காற்று. கடலைத் தாண்டி வரும், அடிக்கிற அடியில் நாலு வீட்டுத் தகரத்தையாவது கொண்டுபோகும், வந்த வேகத்தில் போய்விடும்.

ஃபிளோரா தொலைபேசியை எடுத்து ராயப்பனை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. திரும்பவும் அழைத்தாள். எடுக்கவில்லை.

மாதா சிலை நிற்கும் கல்குகையான கெபிக்கு முன்னால் பிள்ளைகள் நவநாள் ஜெபத்துக்குக் கூடும் நேரம் அது. வேதக்காரப் பிள்ளைகள் செபமாலை பிடிப்பார்கள், இந்துப் பிள்ளைகளும் கூடவே நின்று பாட்டுப் பாடுவார்கள். அங்கே யாரும் யாரையும் வற்புறுத்தியதில்லை. பாட்டு நன்றாக இருக்கும், ஜெபம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு வடை கிடைக்கும், வேறென்ன வேண்டும்? வடையை இறக்கி வைத்துவிட்டு ஃபிளோரா கெபியைப் பார்த்தாள். ஒரு பிள்ளைகூட இல்லை.

“மழை வருதும்மா. அதான் எல்லாரையும் பமீலா டீச்சர் கிளாஸுக்கு அனுப்பிட்டேன்,” என்றார் எதிரே வந்த தலைமையாசிரியர். “தடுப்பத் தள்ளிவிட்டா பெரிய ஹாலுதானே. நனையாம ஜெபம் பண்ணட்டும்.”

மொத்தப் பள்ளிக்கூடமும் அந்த உத்திரத்துக்குக் கீழே!

முதல் காற்று வந்து கூரையில் மோதியது. உள்ளே பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள், பயத்தில் அல்ல, குதூகலத்தில். பிறகு பாட்டு ஆரம்பித்தது. காற்று உரக்க, அதுகளும் உரக்கப் பாடின. அந்தப் பாட்டுக்கு நடுவில், மேலே எங்கேயோ, மரம் மரத்தோடு உரசும் ஒரு சத்தம் ஃபிளோராவுக்குக் கேட்டது. நிஜமாகவே கேட்டதா, பயம் கேட்கவைத்ததா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அவள் ஓடினாள். உடம்பு பெருத்தவள், முட்டிவலிக்காரி. ஓடினாள். வாசலில் நின்று தன் குரல்தானா என்று தனக்கே சந்தேகம் வரும்படி கத்தினாள்.

“கேஸு! கேஸ் லீக்காவுது! வெளிய ஓடுங்க! எல்லாரும் கோயிலுக்கு ஓடுங்க!”

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவளால் சொல்லமுடியாது. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, பொய் வந்தது. பிள்ளைகள் பாட்டைப் போட்டது போட்டபடி கொட்டும் மழையில் திடல் குறுக்கே ஓடின. பமீலா கடைசியாக வெளியே வந்தாள், ஒரு சின்னதை இடுப்பிலும் ஒன்றைக் கையிலும் பிடித்துக்கொண்டு. கோயிலுக்குள் போய் எல்லாத் தலையும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவள் தன் முகத்தைத் துடைத்தாள்.

காற்று வந்த வேகத்தில் போய்விட்டது. மழை தூறலாகி நின்றது.

கோயில் வாசலிலிருந்து ஃபிளோரா பள்ளிக்கூடத்தைப் பார்த்தாள். ஓர் ஓடுகூட நகரவில்லை. கழுவிவிட்ட வெள்ளைச் சுவரோடு கல்யாணத்துக்கு நிற்கும் மாப்பிள்ளை மாதிரி நின்றது.

அதற்குள் பெற்றோர்களின் வாட்சாப்பில் செய்தி பறந்துவிட்டது. சி ரூசா ஓட்டல் ஒன்றில் அறை சுத்தம் செய்யும் வள்ளிநாயகி, போட்டிருந்த சீருடையோடு நனைந்துகொண்டே மோட்டாரில் வந்து இறங்கினாள். இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். மகளைக் கண்டதும் வள்ளிநாயகி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “அக்கா, நீங்க நல்லா இருக்கணும். நீங்கதானாமே கத்துனீங்க,” என்று ஃபிளோராவின் கையைப் பிடித்தாள். அந்தக் கை நெருப்பாகச் சுட்டது ஃபிளோராவுக்கு.

தலைமையாசிரியர் கண்டினுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“ஃபிளோராம்மா, சிலிண்டர் இறுக்கமாத்தான் மூடியிருக்கு. ஒரு வாடையும் இல்ல. காத்துல பயந்துட்டீங்க, பரவால்ல.” கையைத் தட்டினார். “சரி, பிள்ளைங்களா! வரிசையா கிளாஸுக்குப் போங்க. துண்டு எடுத்துத் தலையத் தொவட்டுங்க. பமீலா டீச்சர், நீங்க முன்னால போங்கம்மா.”

வரிசை நகர்ந்தது. பமீலா முன்னால் நடந்தாள்.

ஒரு பொய் வாங்கிக் கொடுத்த நேரம் அவ்வளவுதான். ஃபிளோரா சாலைப் பக்கம் பார்த்தாள். ராயப்பன் வரவில்லை. அவர் வந்து சொல்லட்டும் என்று காத்திருக்க முடியாது. காற்றில் ஆடிய உத்திரம் இப்போது எந்த நிலையில் தொங்குகிறதோ! அவள் குறுக்கே போய் வகுப்பு வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

“உள்ள போவாதீங்க.”

“அத்தை, நகருங்க. பிள்ளைங்க குளிர்ல நடுங்குது.”

“போவாதம்மா. யாரும் போவக்கூடாது. கேஸு இல்ல. கேஸு இல்லவே இல்ல.” கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். “உத்திரம் கரையான் தின்னு பொக்கா கெடக்கு. அதிகாரி வர்றதுக்கு முந்தி எங்க வீட்டுக்காரருதான் பலகை அடிச்சு மறைச்சாரு. எங்க ராயப்பன்தான்.”

தலைமையாசிரியர் அவளை விலக்கிவிட்டு உள்ளே போனார். மூலையில் இருந்த ஒட்டடைக் கம்பை எடுத்தார். ஓரமாக நின்றுகொண்டு வெள்ளைப் பலகையை எக்கி ஒரு குத்துக் குத்தினார். பலகை ஒரு பக்கம் பெயர்ந்து தொங்கியது. கூடை கூடையாகக் கரையான் மண் பமீலாவின் மேசைமேல் வந்து கொட்டியது. மேலே இருந்ததை உத்திரம் என்று சொல்லக்கூடாது. அரித்துத் தின்ற கூடு ஒன்று கூரையைத் தாங்குவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தது.

புவனேஸ்வரன் அவசரமாகப் பின்னால் நகர்ந்தார்.

“இதுக்குக் கீழ நின்னுல்ல நான் அந்த ஆளுக்கு மாலை போட்டேன்,” என்றார் யாரிடமும் இல்லாமல்.

அப்போதுதான் ராயப்பனின் மோட்டார் வந்தது. பின்னால் நீளக் கட்டைகள் கட்டியிருந்தன. வழியில் மரம் விழுந்து கிடந்ததாம், சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார், பெயர்ந்த பலகையைப் பார்த்தார், ஃபிளோராவைப் பார்த்தார். மோட்டாரை நிறுத்தாமல் காலை ஊன்றி அப்படியே நின்றார்.

“அண்ணே,” என்று வள்ளிநாயகிதான் முதலில் வாயைத் திறந்தாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. “எங்களுக்குச் சாமி வேற. இருந்தாலும் மாதா பாத்துக்குவான்னுதானே பிள்ளய இங்க விட்டோம். நீங்க மாதாவக் காப்பாத்தப் போயி, எங்க பிள்ளைங்கள எங்கண்ணே உக்கார வச்சீங்க?”

ராயப்பன் மோட்டாரை அணைத்தார்.

“நான் இலாகாவுக்குச் சொல்லித்தான் ஆகணும்,” என்றார் தலைமையாசிரியர். தொலைபேசியை எடுத்தார்.

“சார், ஒரே ஒரு நாளு…” என்று ராயப்பன் ஆரம்பித்தார்.

“இனிமே அந்த வார்த்தையச் சொல்லாதீங்க!” என்று அதட்டினாள் ஃபிளோரா. கட்டிய நாளாக அவரை ஊர் முன்னிலையில் அவள் அதட்டியதே இல்லை. ராயப்பன் தலையைக் குனிந்துகொண்டார். தலைமையாசிரியர் தள்ளிப்போய் மலாயில் பேசத் தொடங்கினார்.

பூட்டு விழப்போகிறது. பள்ளிக்கூடம் போகப்போகிறது. ராயப்பன்மேல் என்ன நடவடிக்கை வருமோ, தெரியாது. எல்லாம் தெரிந்தும் ஃபிளோராவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பிள்ளைகள் வெளியே நிற்கின்றன, அது போதும். அவள் பமீலாவைத் தேடினாள்.

பமீலா அசையாமல் தன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லத் திரும்பினாள்.

“மாமா செஞ்சது இருக்கட்டும் அத்தை. உங்களுக்கு எப்பத் தெரியும்?”

ஃபிளோரா அவள் பக்கம் ஒரு எட்டு வைத்தாள்.

“இப்பத் தெரியுமா? காத்து வந்தப்பத் தெரியுமா?”

“காலையில,” என்றாள் ஃபிளோரா.

“மணி அடிக்கிறதுக்கு முந்தியா?”

இன்றைக்கு இன்னொரு பொய் சொல்ல அவளிடம் தெம்பு இல்லை. தலையை ஆட்டினாள். பமீலாவின் கையைப் பிடிக்கப் போனாள். பமீலா கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள். திட்டவில்லை, அழவில்லை. மழையில் நனைந்த தொலைபேசியை முந்தானையில் துடைத்து, நீலாய் தொழிற்சாலையில் வேலையாக இருக்கும் கணவனை அழைத்தாள்.

“விக்டர், லீவு சொல்லிட்டு உடனே வாங்க… இல்ல, பிள்ளைங்களுக்கு ஒண்ணுமில்ல. எனக்கும் ஒண்ணுமில்ல. என்னைக் கொண்டுபோய் கெமாஸ்ல எங்க அம்மா வீட்டுல விட்டுருங்க.” ஃபிளோராவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னாள். “ஏன்னு உங்க அம்மாவையே கேளுங்க.”

தொலைபேசியை ஃபிளோராவிடம் நீட்டினாள்.